மூன்றாம் இறகு

பட்டிப்பொலையில் இரவு இரண்டே கால்.
சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் மட்டும்.
ஏழாம் காற்றாலை அதற்குள் எங்கோ சுற்றுகிறது.
நான் அதைப் பார்ப்பதில்லை, படிக்கிறேன்.

ஓர் இறகுக்குப் பதினாறு உணரிகள்.
உள்ளே ஒரு கண்ணாடி நார் அறுந்தால்
எந்தக் காதுக்கும் எட்டாத உச்சுக்கொட்டல்;
திரையில் ஒரு புள்ளி.

முதல் வாரம் எல்லாப் புள்ளிக்கும் பதறினேன்.
தூறல் ஒரு புள்ளி. ஆலங்கட்டி நூறு.
பண்ணை மாடுகளைத் தேடி வந்த கொக்கொன்று
ஒருமுறை மோதியிருக்க வேண்டும்,
புல்லில் வெள்ளையாய் ஏதோ கிடந்ததென்றார் காவல்காரர்.
பிறகுதான் பிடிபட்டது:
சேதம் கத்தாது.
ஒரே இடத்திலிருந்து
சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் இறகு, பதினோராம் உணரி.
செவ்வாய்க்கிழமையிலிருந்து,
காற்று பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் மட்டும்,
இறகு கீழிறங்கும் ஒவ்வொரு முறையும்
ஒரு முனகல்.

கொழும்புக்கு அழைத்தேன்.
"உணரி பழுதாயிருக்கும், தங்கச்சி.
நல்ல காற்றுக் காலம்.
நிறுத்தினால் மணிக்கு எவ்வளவு போகும் தெரியுமா?"
தெரியும். அதுவும் என் திரையில்தான் ஓடுகிறது,
பச்சை எழுத்தில்.

நிறுத்தினேன்.
அறைக்குள் ஏதோ குறைந்தது.
இத்தனை மாதம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது
அப்போதுதான் தெரிந்தது.

விடிந்ததும் உதார கயிற்றில் இறங்கினான்,
ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி.
டக், டக், டக்.
பின் விளிம்பில் பசை பிடித்த கோட்டில்
டொப்.
ஒரு ரூபாய்க் குத்தி நுழையாத வெடிப்பு,
ஒரு சாண் நீளம்.

"நல்ல வேலை" என்றது கொழும்பு மின்னஞ்சல்.
நின்றுபோன மணிகளின் கணக்கும்
அதற்குக் கீழேயே இருந்தது.

லீவு போட்டு ராகலைக்கு பஸ் ஏறினேன்.
எங்கள் லயத்துப் பின்சுவரிலும் ஒரு வெடிப்பு,
போன ஐப்பசி மழையில் விழுந்தது.
மண்சரிவு பார்க்க வந்தவர்கள்
குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி
"உடைஞ்சா கோல் எடுங்க" என்று போனார்களாம்.
ஒரு சுவர், ஓர் உணரி.
நம்பர் எழுதிய தாள் ஈரத்தில் ஊறி
மூன்றா எட்டா தெரியவில்லை.

கண்ணாடி உடையவில்லை.
ஆனாலும் விரலை மடக்கித் தட்டினேன்,
உதார தட்டியதைப் போல.
டக். டக்.
ஒரு கை அகலம் தள்ளி
டொப்.

சுவருக்கு அந்தப் பக்கக் காம்பராவிலிருந்து
முத்துராக்கு அண்ணன் குரல் கொடுத்தார்:
"அங்கயுமா?"