கயிற்றின் கீழ்முனை

தோ பாயோ அலுவலகத்தில்
என் வரிசை எண் ஒளிர்ந்தபோது
கோப்பி பாதியில் இருந்தது.
முகப்பில் இருந்த பெண்ணின் சட்டையில் ஹஸ்வானி என்றிருந்தது.
"எத்தனை வருடத்துக்கு வேண்டும், அங்கிள்?"
சட்டைத் துணி எத்தனை மீட்டர் என்பது போலத்தான் கேட்டாள்.

இருபத்தைந்து போதும் என்றேன்.
அவள் எண்களைத் தட்டி
திரையை என் பக்கம் திருப்பினாள்.
எனக்கு அறுபத்தொன்பது.
இருபத்தைந்தைக் கூட்டினால் தொண்ணூற்று நான்கு.
குத்தகை தொண்ணூற்றைந்தைத் தொட வேண்டுமாம்.
ஒரு வருடம் இடிக்கிறது.
அந்த ஒற்றை வருடம் நான் எங்கே படுப்பேன் என்று
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

"முப்பதே போடும்மா.
தொண்ணூற்றொன்பது வரை
யாரும் என்னைத் தேட வேண்டாம்."
அவள் சிரிக்கவில்லை.
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இட்டாள்.

தேன்மொழி செங்காங்கில்
ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள்,
பேரனின் கீபோர்டை நடுக்கூடத்துக்கு நகர்த்தி.
நல்ல அறைதான்.
ஆனால் அங்கே அதிகாலை மூன்று மணிக்குத் தேநீர் போட்டால்
நான்கு கதவுகள் திறந்து
"என்னப்பா ஆச்சு?" என்று கேட்கும்.
தேநீர்தான் ஆச்சு.

தனியாக இருப்பது எனக்குத் தொழில்.
தஞ்சோங் பகாரில் முப்பது வருடம்,
நாற்பது மீட்டர் உயரத்தில்,
கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள்
ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து
முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்துக்
கொள்கலன்களைத் தூக்கி இறக்கினேன்.
கீழே மனிதர்கள் ஆரஞ்சுப் புள்ளிகள்.
பேச்சுத்துணை வாக்கி டாக்கியின் கரகரப்பு.
அதைப் பார்க்க இந்த ஈரறை வீடு
எவ்வளவோ பெரிது.
கழிப்பறை வேறு இருக்கிறது.

அளவு நாடாவோடு வந்து பார்த்ததில்
ஆறு நாற்காலிகளில் இரண்டுதான் நுழைந்தன.
இரண்டாவதை ஏன் எடுத்தேன் என்று
அப்போது தெரியாது.
வாசலில் படி இல்லை,
குளியலறை வாசலில் மேடும் இல்லை.
சக்கரம் தடையில்லாமல் உருள வேண்டுமாம்.
சக்கரம் இன்னும் வரவில்லை,
பாதை போட்டாயிற்று.

கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில்
சிவப்பாக ஒரு கயிறு.
மாட்ட வந்த பையன் சொன்னான்:
"மேலே சுருட்டிக் கட்டிடாதீங்க.
விழுந்து கிடக்கிறப்ப கைக்கு எட்டணும்."
விழுந்தால் என்று சொல்லவில்லை.
கிடக்கிறப்ப என்றான்.

முதல் வாரமே
காற்றாடிக் கயிறு என்று நினைத்து அதை இழுத்துவிட்டேன்.
தாழ்வாரம் முழுக்க அலறல்.
கதவைத் திறந்தால்
இடுப்பில் துண்டோடு நான்,
கையில் கரண்டியோடு எதிர்வீட்டு மேடம் சியூ.
அவர் சட்டியில் பூண்டு தீய்ந்துகொண்டிருந்தது.
என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு
"இன்னும் சாகலையா?" என்றார் மலாயில்.
இன்னும் இல்லை என்றேன்.
அவரும் மூன்று முறை இழுத்திருக்கிறாராம்.
முதல் இரண்டு முறை தவறுதலாக.

சனிக்கிழமைகளில் இப்போது
இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து
என் தேநீரில் சீனி அதிகம் என்கிறார்.
நான் குறைப்பதில்லை.
அவர் குடிக்காமல் விடுவதும் இல்லை.

குளியலறை துடைக்கும் நாளில்
கயிற்றை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன்,
துடைத்ததும் விட்டுவிடுகிறேன்.
முப்பது வருடம் கயிற்றின் மேல்முனையில் இருந்தவன்.
கீழே கொக்கி மாட்டியவன் கையசைத்தால் தூக்குவேன்,
அவன் முகம் பார்த்ததில்லை.
இது கீழ்முனை.
நுனியில் பிளாஸ்டிக் குமிழ்,
ஈரத் தரைக்கு ஒரு சாண் மேலே
ஆடி ஆடி நிற்கிறது.
மேல்முனையில் யாரோ
முழங்கால்களுக்கு நடுவே
குனிந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.
அல்லது
தேநீர் குடிக்கப் போயிருக்கலாம்.