ஒரு அங்குலத்துக்கு ஓரடி

வெள்ளம் வடிந்த மறுவருஷம்
வீட்டைத் தூக்கினோம்.
ஹரியானாக்காரர்கள் வந்தார்கள்.
சுவருக்கடியில் நூற்றெண்பது ஜாக்கி,
ஒரு விசிலுக்கு ஒரு திருகு.
மூன்றரை அடி ஏறியும்
அலமாரியில் கண்ணாடித் தம்ளர் அசையவில்லையென்று
தயாளன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில்
முதலில் நிமிர்ந்த வீடு அதுதான்.
ஏழு படி. கிரானைட்.
நிறம் நான் தேர்ந்தெடுத்தது.

பிறகு கைவேலி சிக்னலில்
ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தது.
அது இங்கே வேண்டாம்.

வீட்டை ஏற்ற நூற்றெண்பது ஜாக்கி.
என்னை ஏற்ற நான்கு பேர்:
தயாளன், எதிர்வீட்டு ஜெபசிங், இஸ்திரி வண்டிக்காரர்,
அந்த நேரத்துக்குத் தெருவில் போகிற யாராவது.
சக்கர நாற்காலியின் நான்கு மூலையிலும் நான்கு மூச்சு.
"பாத்து, பாத்து."
"அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்த்துங்க."
உற்சவர் போலவும் இருக்கும்,
மற்றது போலவும் இருக்கும்.
இறக்கி வைத்ததும்
யாருக்கு முதலில் நன்றி சொல்வதென்று தெரியாமல்
எல்லாரையும் காபி குடித்துவிட்டுப் போகச் சொல்வேன்.
இரண்டு வருஷத்தில் என் சென்னை
ஒரு ஆஸ்பத்திரி, ஒரு வங்கி என்று சுருங்கியது
காலால் இல்லை,
அந்தக் காபியால்.

இருதயராஜ் கொத்தனார் படிகளைப் பார்த்தார்.
"பின்னாடி கிச்சன் வாசல்ல சின்னதா ஒண்ணு போட்டுரலாம்மா.
முன்னாடின்னா எலிவேஷன் கெட்டுடும்."
"வீட்டு வரி ரசீதில் என் பேர்தான் இருக்கு," என்றேன்.
"முன்வாசல்."
"அப்போ கொஞ்சம் செங்குத்தா போடுவோம். இடம் மிச்சம்.
சார் பின்னாலேர்ந்து தள்ளிக்குவாரு."
சார் தலையாட்டினான்.

நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவள்.
ஒரு அங்குலம் ஏற ஓரடி நீளம்.
நாற்பத்திரண்டு அங்குலம், நாற்பத்திரண்டு அடி.
கதவிலிருந்து கேட்டுக்கு இருபதடிதான்.
ஆகவே மூன்றாக மடிக்க வேண்டும்.
திரும்புகிற இடங்களில் நாற்காலி மூச்சுவாங்கச் சதுரம் வேண்டும்.
ஆகவே போர்ட்டிகோ வேண்டும்.
ஆகவே தயாளனின் கார் தெருவுக்குப் போக வேண்டும்.

அந்தக் கடைசி ஆகவேயில்
பதினோரு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
பன்னிரண்டாம் நாள் காலை
கார் புங்கமரத்தடியில் நின்றது,
கூரையில் அதற்குள் காக்கை எச்சம்.
துடைக்க ஒரு துணி கேட்டான்.
அவ்வளவுதான்.

ஈரச் சிமென்டில் துடைப்பத்தால் வரி இழுத்தார் இருதயராஜ்,
மழைக்குச் சறுக்காதென்று.
பத்து நாள் தண்ணீர் ஊற்றினோம்.
என்னைத் தவிர எல்லாரும் அதில் ஏறிவிட்டார்கள்:
சிலிண்டரைத் தோளுக்குத் தூக்காமல்
உருட்டிக்கொண்டே வந்தான் காசிம்;
தண்ணீர் கேன் பையன் விசிலடித்துக்கொண்டு;
ஜெபசிங்கின் மகள் ஸ்கேட்டிங் ஷூவோடு, இரண்டு முறை திட்டு வாங்கி.
முட்டிவலி இல்லவே இல்லையென்று சாதிக்கிற
மாடிவீட்டு மீனலோசனி
படிகளைப் பார்த்தும் பாராமல்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தே முக்கால்.
தயாளன் தூங்கிக்கொண்டிருந்தான்.
கதவு.
முதல் மடிப்பில் வளையம் உள்ளங்கையைச் சுட்டது.
இரண்டாவதில் நிதானம் வந்தது.
மூன்றாவதில் கையை விட்டுப் பார்த்தேன்,
கொஞ்சம்தான்.
கேட்டில் மாட்டிய பையிலிருந்து
இரண்டு பால் பாக்கெட்டை நானே எடுத்தேன்.
யாருக்கும் நன்றி சொல்லவில்லை.
யாருக்கும் காபி கடனில்லை.

கேட்டைத் திறந்தேன்.
வடிகால் மூடி, ஒரு மூலை உடைந்தது.
அதற்குக் கீழே தெரு,
சுரண்டியெடுத்துவிட்டு இன்னும் தார் போடாதது.
கொத்தனார் மறந்துவிட்டுப்போன டேப்
நாற்காலிப் பையில் கிடந்தது.
நாக்கை நீட்டிக் கீழே இறக்கினேன்.
ஒன்பது அங்குலம்.

நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன்.
பால் பாக்கெட் வியர்த்து
மடி நனைந்துகொண்டிருந்தது.