பதின்மூன்று மாதச் சாட்சி

மொன்றியல், கோட் தெ நேஜ் வீதி,
மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஹீட்டர் இருமுகிற அறையில்
எனக்குத் தந்த வேலை நாற்பத்திரண்டு வரி.
சட்ட அலுவலகத்தின் இணையத்தளம்
வருகிறவரை வாசலில் மறித்துக் கேட்கும் கேள்வி,
அதைத் தமிழில் எழுத வேண்டும்.
சொல்லுக்குப் பதினெட்டுச் சதம்.

ஆங்கிலத்தில் அது குக்கி.
தேநீரில் தோய்க்கிற சாமான்,
யாருக்குப் பயம் வரும்.
இங்கத்தைய பிரெஞ்சில் அதற்குத் தெமுவான் என்று பெயர்.
சாட்சி.
கையுறையைக் கழற்ற மறந்து
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கலியாணத்தில் நெருப்பு சாட்சி,
வழக்கில் கூண்டேறிச் சத்தியம் பண்ணுகிறவன் சாட்சி.
இதுவோ
கூப்பிடாமல் வந்து
தொலைபேசிக்குள் பதின்மூன்று மாதம் குந்தியிருக்கும்.

அடுத்த சொல்லில் இன்னும் சிக்கல்.
இசைவு என்று எழுதினேன்,
வானொலிச் செய்தி மாதிரி இருந்தது.
ஒப்புதல் என்றால் கச்சேரி முத்திரை.
சம்மதம் என்று எழுதினேன்,
உடனே மாப்பிள்ளை வீட்டார் வந்து
சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள்.
மௌனம் சம்மதம் என்றுதானே நாங்கள் படித்தது.
பேசாமலிருந்தால் சம்மதமாகாது என்கிறது
இந்த மாகாணத்துச் சட்டம்.
மெத்ர் ஒதில் அதை விளக்கியபோது
இன்னொருமுறை சொல்லுங்கள் என்றேன்.
விளங்காமல் இல்லை.

போன மாசியில் நிரஞ்சலா வந்திருந்தார்.
அன்று நான் உரைபெயர்ப்பாளர், மணிக்குக் கூலி.
இரவு ஒன்றரை மணிக்குக்
குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு
'பிரிந்து வாழ்தல்' பக்கத்தை
மகளின் அகராதியோடு வாசித்திருக்கிறார்.
பெயர் எழுதவில்லை. இலக்கம் கொடுக்கவில்லை.
மூன்றாம் நாள்
சின்னவன் அதே தொலைபேசியில் ஹொக்கி பார்க்க,
கோல் விழுவதற்குச் சற்றுமுன்
ஒதில் அம்மையார் சிரித்தாராம்:
விவாகரத்தா, முதல் அரைமணி இலவசம்.
பக்கத்தில் கணவர், சோற்றுக் கோப்பையோடு.

ஒன்றும் கேட்கவில்லையாம்.
தொலைபேசியை எடுத்து
மேசையில் கவிழ்த்து வைத்தாராம்.
அதைச் சொல்கையில் நிரஞ்சலா
தன் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்,
பிறகு எடுக்க மறந்துபோனார்.

எங்கள் தளத்தில் சம்மதம் அழுத்தினாரா,
கேளுங்கள் என்றார் ஒதில்.
கேட்டேன்.
"பச்சையா ஒண்டு குறுக்க நிண்டது தங்கச்சி.
வாசிக்க விடேல்லை.
தள்ளிவிட்டனான்."

ஆம் என்று ஒற்றைச் சொல்லில் பெயர்த்திருக்கலாம்,
ஒதிலும் அதற்குத்தான் காத்திருந்தார்.
தள்ளிவிட்டாராம் என்றேன்.
பேனை மூடி இரண்டுமுறை வழுக்கியது அவருக்கு.
விளம்பரத்தில் இருந்தது அவருடைய பல்வரிசை.

இரண்டாவது சந்திப்புக்கு நிரஞ்சலா வரவில்லை.
அவருடைய சாட்சிக்கு
வருகிற பங்குனி வரை தவணை இருக்கிறது.

இப்போது தை. தமிழிலும் வேண்டும் என்கிறார் ஒதில்,
ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
வரைபடம் வந்தது:
பச்சைப் பெட்டி, தடித்த எழுத்து, எல்லாவற்றுக்கும் ஆம்.
அதன் கீழே
நரைமயிர் அளவில் ஒரு கோடு, மறுப்பதற்கு.
அதை அழுத்தினால் இன்னொரு பக்கம், ஏழு ஆளிகள்.
இரண்டையும் ஒரே அளவாக்குங்கள் என்று எழுதினேன்.
மொழிபெயர்ப்பாளரின் வேலை அது அல்ல என்று
மரியாதையாகப் பதில் வந்தது.

சரி என்று என் வேலையைச் செய்தேன்.
நேற்றுத் தளம் கட்டுகிற பையன் மத்தியூ அழைத்தான்.
உங்கள் மொழி பெட்டிக்குள் அடங்கவில்லை,
வெளியே வழிகிறது, சுருக்க முடியுமா?
திறந்து பார்த்தேன்.
'நான் பார்ப்பதையெல்லாம் நீங்கள் குறித்துவைக்கச் சம்மதிக்கிறேன்'
பச்சையைத் தாண்டி
பக்கத்தின் ஓரம்வரை போய் முறிந்து கிடந்தது.
'வேண்டாம்'
ஒரே வரியில், இடம் மிச்சம் வைத்து.

சுருக்க முடியாது மத்தியூ என்றேன்,
தமிழில் அது இவ்வளவு நீளம்தான்.