பாயில் கச்சான்

பாம்பன் வடக்குத் துறையில் மீன் ஏலம் விடுகிறவன் நான்.
விடியுமுன்
ஊளியும் சீலாவும் மணலில் கிடக்க
தொண்டையால் பிழைக்கிறேன்.

கீழக்கரையில் நொடித்துப்போன கப்பல்கார வீட்டில்
கோர்ட் ஏலம் என்று
அமீனா தர்மராசு ஆள் அனுப்பினார்.
வழக்கமாய்க் கூவுகிறவருக்குக் குரல் கட்டிவிட்டதாம்.
"மீன் இல்லப்பா, படம். ஆறு எண்ணெய்ப் படம்.
கூவுறது ஒண்ணுதானே."

முதல் ஐந்தும் மனிதர்கள்.
கடிதம் பிடித்த டச்சுக்காரன் ஒருவன்,
அவன் பெண்டாட்டி, அவள் மடியில் நாய்.
முகங்களில் வார்னிஷ் வெடித்து
திருக்கைக் கருவாட்டின் தோல்போல இருந்தது.
எண்ணெய் முறுகிய நெடி. எனக்குப் பழகினதுதான்.
விற்றுக் கொடுத்தேன்.

ஆறாவது, கடல்.
'மன்னார் வளைகுடா, முத்துச் சலாபம்'
என்று சீட்டு ஒட்டியிருந்தது.
மூன்று பாய்மரக் கப்பல். சுற்றிலும் தோணிகள்.
கல்லில் கால் மாட்டி
இறங்கப்போகிற ஆட்கள், எறும்பளவு.
ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன்: கித்தான்.
பாய் தைக்கிற கித்தான்மேலேயே
பாயை வரைந்திருக்கிறான்.

இரண்டு லட்சம். நான்கு.
காதில் போனோடு ஒரு பெண்
யாருக்காகவோ கை தூக்கினாள். ஏழு.

அப்போதுதான் கண்டேன்.
பாய் வயிறு ஊதி நிற்பது கச்சானில்.
அலை மடிவது வாடைக்கு.
கொடி ஒரு பக்கமும் பறக்காமல்
தொங்குகிறது.
இந்தக் கப்பல் பாரில் ஏறும்.
கயிறு பிடித்தவன் எந்தப் பக்கம் சாய்வான்?
கீழே போனவன்
எந்தத் தோணியைப் பார்த்து மேலே வருவான்?

செவுள் வெளுத்ததைச்
செவுள் மூடி விற்றதில்லை எங்கள் துறையில்.
குறையைச் சொல்லிவிட்டுத்தான் விலை.
சொன்னேன்:
"ஐயா, இதுல காத்து தப்பு.
வரைஞ்சவன் இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

அமீனா பேனாவை மூடினார்.
மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.
அந்தப் பெண் போனுக்குள் ஏதோ முணுமுணுத்தாள்.
கேட்டுக்கொண்டாள். லேசாகச் சிரித்தாள்.
"பதினொண்ணு."

ஒரு தரம். ரெண்டு தரம்.
எறும்பளவு ஆட்களில் ஒருவன்
இன்னும் கல்லை விடவில்லை.
மூணு தரம்.

பழைய போர்வையில் கடலைச் சுற்றிக்
காரில் ஏற்றினார்கள்.

மறுநாள் துறையில் கச்சான்.
அலையும் கச்சானுக்கே மடிந்தது.
நகரை, கூடை நானூறுக்குமேல்
ஏறவில்லை.