புகை வாடை

பதினாறு வருஷமாய் என் வேலை
புகையை உள்ளே விடாமல் பார்ப்பது.
டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுவேன்.
சூடு மட்டும் தேயிலைக்குப் போகும்,
புகை கூண்டேறி வெளியே போகும்.
குழாயில் ஊசித்துளை விழுந்தால் போதும்,
குன்னூர் ஏலத்தில்
மோந்து பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவன்
கறியைப் புகையில் தொங்கவிட ஆசைப்பட்டது
போனில் பார்த்த ஒரு ஆளால்.
அவன் பக்கத்தில் ஆளுயரக் கறுப்பு இயந்திரம்,
விலை முப்பத்தெட்டாயிரம்.
சலோமி எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"அதுல நாம குடியே இருக்கலாம்."

ஹனீபா பேக்கரியில் காலி எண்ணெய் டின்
நாற்பது ரூபாய்.
மூடியை வெட்டி, வெறும் டின்னை ஒருமுறை எரித்தேன்,
பழைய எண்ணெயும் மேல்பூச்சும் போய்த் தொலையட்டும் என்று.
நாலங்குல ஆணியால்
அடியில் ஒன்பது ஓட்டை, மேலே ஐந்து.
பக்கத்தில் ஒரு சன்னல்,
கங்குச் சட்டி நுழைகிற அளவு.
குறுக்கே வைக்க எவர்சில்வர் வடிதட்டு,
கேட்காமல் எடுத்தது.

முதல் ஞாயிறு யூகலிப்டஸ் சுள்ளி.
கட்டபெட்டில் காசில்லாமல் கிடைப்பது அதுதானே.
கோழிக்கால் இரண்டு, மூன்று மணி நேரம்.
கடித்தால் தைலம்.
சளி பிடித்திருந்த சின்னவள் மட்டும்
"மூக்கு தொறந்துருச்சுப்பா" என்றாள்.

அடுத்த வாரம் பேரிமரம்.
கவாத்து பண்ணிப் போட்ட கிளையை
ஜெபசீலி அக்கா சும்மா தந்தார்.
பெனடிக்ட் கடையில் பன்றிக்கறி அரைக் கிலோ,
கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காய்.
உப்பு, வெல்லம், மிளகு தடவி
ராத்திரி முழுக்க பிரிட்ஜில்.
பிரிட்ஜும் அக்காவுடையதுதான்;
வாடகை இரண்டு துண்டு.

காலையில் துடைத்துக் காற்றாட விட்டேன்.
வாடாத இலையை உருட்டினால் சேறாகும்.
ஈரம் போகாத கறியிலும்
புகை ஒட்டாது, வழியும்.
இது எனக்கு யாரும் சொல்லவில்லை,
கை சொன்னது.

முதலில் வெள்ளையாய்ப் புரண்டு வந்தது.
அது கசக்கும் புகை,
விறகுக்கு மூச்சு முட்டுகிறது.
சாம்பல் அடைத்த ஓட்டைகளைக் குச்சியால் குத்தினேன்.
கொஞ்ச நேரத்தில்
இருக்கிறதா இல்லையா என்று
கண்ணைச் சுருக்க வைக்கும் ஒரு நீலம்.
அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.
ஆனால் பத்து மணிக்குப் பள்ளத்திலிருந்து மிஸ்டு ஏறி
டின்னையும் புகையையும் என்னையும் மூடிவிட்டது.
அப்புறம் மூக்குதான்.

வெப்பமானி இல்லை.
ஈரச் சாக்கை விலக்கி உள்ளங்கையை மேலே பிடித்தேன்.
ஏழு எண்ணும்வரை தாங்கினால் சரி,
நாலிலேயே சுட்டால் ஒரு கட்டையை எடு.
ஐந்து மணி நேரம் எண்ணினேன்.
நடுவில் ஒருமுறை தூங்கியும் போனேன்.
கத்தி விட்டபோது
சிவப்பில்லாத நீர் வந்தது.

ருசியைப் பற்றி என்ன எழுத?
சலோமி வடிதட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஷிப்ட்.
சூபர்வைசர் நஞ்சுண்டன் டிரையர் பக்கம் வந்தார்,
நின்றார்,
மூக்கைத் தூக்கினார்.
"நிறுத்து! எங்கியோ லீக்கு."

நாற்பது நிமிஷம்.
டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயாய்த் தடவினார்கள்.
பிட்டர் உள்ளே தவழ்ந்து போய்க்
கரி பூசிக்கொண்டு வந்தான்.
எதிலும் துளை இல்லை.
நான் தள்ளிப் போனால் வாடை குறைந்தது,
கிட்டே வந்தால் கூடியது.
ஸ்வெட்டரைக் கழற்றி
விறகுக் குவியலுக்குப் பின்னால் திணித்தேன்.
"இப்ப இல்லையே" என்றார்.
"இல்ல சார்" என்றேன்.
குளிர் தாங்காமல் அடுப்போடு ஒட்டி நின்றேன்.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.
நாலு துண்டு இருந்தது அதில்.

பேரிக்கிளை
இன்னும் மூன்று ஞாயிற்றுக்கு வரும்.
வேறொரு சட்டைதான் வேண்டும்.