பகல் இரண்டு மணிக்கு, குளக்கட்டில்

சோளகம் இன்னும் பிடிக்கவில்லை.
மோட்டார் சைக்கிளுக்கு நிழல் தேடி
கோப்பாய்க் குளத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு
வெயிலிலேயே நிறுத்தினேன்.

கையில் துப்பாக்கி போலொரு வெப்பமானி.
சிவப்புப் புள்ளி விழுந்த இடம் வாய் திறக்கும்.
பூட்டுக்கல்: ஐம்பத்து நான்கு.
சீமெந்து வாங்கு: ஐம்பத்தொன்று,
அதில் பொறித்த அன்பளிப்பாளர் பெயரும் அதே சூடு.
காசு முடிந்ததால் நாங்கள் தொடாமல் விட்ட
வடகரைப் பாவட்டைப் பற்றைக்குள்: முப்பத்திரண்டு.
தண்ணீர் முப்பத்தொன்று,
கல்லோடு ஒட்டிய ஓரத்தில் மட்டும் முப்பத்தைந்து.
குளத்துக்குக் காய்ச்சல்
விளிம்பிலிருந்துதான் ஏறுகிறது.

அந்த மூலையில் ஒரு மருது நின்றது.
வரைபடத்தில் அதற்கு நான் போட்டது
சின்னதாய் ஒரு பெருக்கல் குறி.
மதிப்பீட்டின் பதினேழாவது வரி:
மரம் அகற்றல், ஒன்று, பதினெண்ணாயிரம்.
வேர் குடித்த நீரை இலை இலையாக
நாள் முழுக்க அது மூச்சு விட்டதற்கு
விலைப்பட்டியலில் அலகு இல்லை.
தேடிப் பார்த்தேன்.
அன்றைக்கு அல்ல, பிறகு.

செய்மதிப் படத்தைக் காட்டினான்
பல்கலைக்கழகத்து நிமலரூபன்.
ஒரே சதுரத்துக்குள் குளம், கல், பற்றை,
எல்லாம் சேர்ந்து இளமஞ்சள்.
"பெரிசாச் சூடாகேல்லை அக்கா."
செய்மதி கடப்பது காலை பத்தரைக்கு.
இரண்டு மணிக்கு இங்கே இருப்பது
கச்சான் விற்கும் கிறேஸ்மலர்,
காலுக்குக் கீழே மடித்த காட்போட் மட்டை.

"மத்தியானம் ஏவாரமில்லைப் பிள்ளை.
இரவு எட்டு மணிக்கும்
வாங்கின வெயிலை இந்தக் கல்லு
திருப்பிக் குடுக்குது,
வட்டியோட."

கல் பதித்தது யாரென்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பற்றைக்குள் ஒரு நாய் படுத்திருந்தது;
கருவி எதுவும் இல்லாமலே
முப்பத்திரண்டைக் கண்டுபிடித்த நாய்.

திரும்பும்போது புள்ளி தவறி
இரு கற்களின் இடைக்கீறலில் விழுந்தது.
ஒரு விரல் நீளம் அறுகு.
நாற்பத்தெட்டு.
வில்லையைச் சட்டை நுனியால் துடைத்து
மறுபடி அளந்தேன்.
நாற்பத்தெட்டு.

கந்தோர் மேசையில் வெள்ளிக்கிழமையிலிருந்து
ஒரு கோப்பு கிடக்கிறது:
நடைபாதைக் களை அகற்றல், மூன்று மாத ஒப்பந்தம்,
தொழினுட்ப உத்தியோகத்தர் ஒப்பம்.
பேனையைத் திறந்தேன்.
மூடி எங்கோ உருண்டுவிட்டது.
அதைத்தான்
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.