எதற்கு எது

பிளம்ஸ் வைன் புளித்துப்போயிருந்தது
சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தெரிந்தது.
போன ஜூனில் போட்டது.
ஈஸ்ட் கொஞ்சம் கூடுதல், பொறுமை கொஞ்சம் குறைச்சல்.

மிச்சம் மூன்று பாட்டில்.
யூனிஸ் கிறிஸ்துமஸிலிருந்து ஒளித்துவைத்த திராட்சை வைன்,
லேபிளில் வருடம் மட்டும்.
மருமகன் பெங்களூரிலிருந்து தூக்கிவந்த வெள்ளை,
கழுத்தும் நீளம், விலையும் நீளம்.
அப்புறம், தாட்பூட் பழத்தில் நானே செய்தது:
பேரிலேயே அதிகாரம்,
குடித்தால் பரம சாது.

ஆறு பேர். ஒரு நாவல். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
உப்பளத்து ஊர், அக்கா தங்கை,
அவர்களுக்கு நடுவே ஒரு கிணறு.
எதற்கு எது?

நோட்டில் எழுதினேன்.
முதல் அத்தியாயம் முழுக்க வெயில், அதற்கு வெள்ளை.
குளிரவைக்கக் குன்னூரில் ஃப்ரிட்ஜ் எதற்கு,
ஜன்னல் கட்டை போதும்.
கூடவே சீஸ், வெள்ளரித் துண்டு.
கிணற்றுச் சண்டைக்கு
மலைப்பூண்டு போட்டு வதக்கிய காளான், திராட்சை வைன்.
தங்கை வீட்டைவிட்டுப் போகும் இடத்தில்
எதுவும் பரிமாறக் கூடாது
(இரண்டு முறை அடிக்கோடு).
முடிவுக்கு வர்க்கியும் தாட்பூட்டும்.

தாளில் எல்லாம் ஒத்துப்போனது.

நாலரைக்கு வந்தார்கள்.
பெள்ளி கையில் தூக்குச்சட்டி, அவரை உதக்கா.
"இது யாரோடயும் சண்டைக்குப் போகாது" என்றார்.
நசீமா தன் பிளாஸ்க்கைத் தனியாக வைத்தாள், சுக்கு டீ.
முன்னுரையைத் தாண்டாத தர்மசீலன்
சீஸ் தட்டை மட்டும் அட்டை முதல் அட்டை வரை முடித்தார்.

கார்க் உடைந்து உள்ளே விழுந்தது.
திராட்சை வைன் காளானோடு சேரவில்லை,
பாகு மாதிரி இருந்தது, யூனிஸிடம் யார் சொல்வது?
அக்கா நல்லவளா என்பதில் தொடங்கிய பேச்சு
பெள்ளியின் சொந்த அக்கா வரைக்கும் போனது.
நசீமா மட்டும் மூடியில் டீயை ஊற்றியபடி சொன்னாள்:
"அந்தக் கிணத்துல தண்ணியே கிடையாது.
நூத்தி நாப்பதாம் பக்கத்துலயே சொல்லியாச்சு.
நீங்க எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே படிச்சிருக்கீங்க."

ஆறு மணிக்குக் கிளம்ப எழுந்தோம்.
கேட்டுக்கு வெளியே காட்டெருமை.
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்,
நகர்கிற உத்தேசம் எந்தக் காலிலும் இல்லை.
மின்சாரமும் போனது.

மெழுகுவத்தி ஒன்றுதான் இருந்தது.
சிவபாக்கியம் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
தங்கை போகிற பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்.
பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவர்.
ஒரு இடத்தில் நிறுத்தினார்.
பக்கம் திருப்பத்தான் என்று நினைத்தோம்.
திருப்பவில்லை.

அப்போதுதான் பசித்தது, எல்லோருக்கும்.
இருட்டில் தூக்குச்சட்டியின் மூடி யாரோ திறக்கிற சத்தம்.
தட்டுகள் கைமாறின.
ஆறிப்போன உதக்கா, பிய்த்த வர்க்கி,
புளித்த பிளம்ஸை யூனிஸ் மோந்து பார்த்து
"அருமையான வினிகர்டீ இது" என்று
வெங்காயத்தில் ஊற்றிப் பிசைந்தாள்.
நாக்கில் சுள்ளென்றது, உப்பளக் காற்று மாதிரி.
டீச்சர் ஒரு கை அள்ளி வாயில் போட்டார்,
மென்று, விழுங்கி,
பக்கத்தைத் திருப்பினார்.

அடிக்கோடு போட்ட வரியை
நான் யாருக்கும் காட்டவில்லை.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது.
எருமை எப்போது போனதென்று யாரும் பார்க்கவில்லை.
வேலியில் மேரக்காய்க் கொடி பாதியைக் காணோம்,
காயோடு, இலையோடு, கட்டியிருந்த கயிற்றோடு.
எதற்கு எது என்று
அது யாரையும் கேட்கவில்லை.